இருபத்து மூன்றாவது நிமிஷம்

1934-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்று நாற்பத்தொன்று. ஆடிக் காற்று மூன்று நாளாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிளாட்பாரம் முழுவதும் மண் பறந்தது. வானத்தில் மேகம் இருந்தது, மழை இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் தொங்கிய உஷ்ணமானி தொண்ணூற்றேழு காட்டியது. அந்த நிமிஷத்தில்தான், திருச்சியில் ஒரு ரயில்வே ஸ்டேஷனின் வெளிவாசல் கேட்டில், கையில் முப்பத்தாறு டிக்கெட்டுகளுடன் நான் மயங்கி விழுந்தேன்.

மயங்கி விழுந்தவனுக்கு மணி எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. இதுவரை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் கொட்டாவி வரும். பிறகு காதுக்குள் வண்டு பறக்கும். பிறகு உள்ளங்கை வியர்க்கும். கடைசியில் எதிரே நிற்கிறவர்கள் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய், பொம்மை அளவுக்குச் சிறுத்துவிடுவார்கள். கொட்டாவிக்கும் தரைக்கும் நடுவில் சுமார் நாற்பது விநாடி. அதற்குள் மணி பார்த்துவிடலாம். மற்றவர்கள் ஏன் பார்ப்பதில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் விழுந்ததும் போர்ட்டர் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டான். ரயிலிலிருந்து இறங்கிய ஜனம் ஒன்பது நிமிஷம் உள்ளேயே நின்றது. அன்று இரண்டு புகார்கள் எழுதப்பட்டன. ஒன்று, டிக்கெட் கலெக்டர் விழுந்துவிட்டார் என்று. மற்றது, டிக்கெட் கலெக்டரைத் தாண்டிப் போக விடவில்லை என்று.

முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பியவர் ஹெட் டிக்கெட் கலெக்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். மற்ற ஆறு நாளும் எங்களைத் திட்டுகிறவர்.

"இது எத்தனாவது தடவை?" என்றார்.

"வேலைக்கு வந்து ரெண்டாவது, சார். பொறந்ததிலேருந்து ஒன்பதாவது."

"பொறந்த கணக்கை யாரு கேட்டா? ஐயங்காரே, இது நிக்கிற உத்தியோகம். உக்காந்து பாக்குற உத்தியோகம் வேணும்னா கோர்ட்டுல ஜட்ஜா போயிடுங்க. நாங்க யாரும் தடுக்கல."

"இனிமே விழ மாட்டேன், சார்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. டிசம்பர் முப்பத்தொண்ணோட உங்க ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள இன்னொரு தடவை இந்தத் தரையில படுத்தீங்க, நான் எழுதறது ஒரே வரிதான். 'இவருக்கு நிக்க வராது.' அவ்வளவுதான், உத்தியோகம் காலி. வெளங்குதா?"

விளங்கியது. ஜூலை முதல் தேதி அந்த வேலையில் சேருவதற்கு முன் இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு மனுக்கள் போட்டிருந்தேன். முப்பதுக்குப் பதில் இல்லை. இந்த ஒன்றும் போனால் முப்பத்திரண்டாவது மனுவை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வயது இருபத்து நான்கு. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் மாமனார் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். வாடகை கொடுத்தேன், ஆகையால் வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர்கள் நான்கு பேர்.

பத்தாவது தடவை விழுந்தது அதே வாரம் சனிக்கிழமை. ஆனால் அதற்குக் கிடைத்த மரியாதையே வேறு.

எங்கள் தெருவில் சனிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு மண்டபத்தில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டி கூடும். சேவிப்பது என்றால் எல்லோரும் சேர்ந்து ஓதுவது. பெரிய கோஷ்டி இல்லை, பதினைந்து பேர். நின்றுகொண்டேதான் சேவிக்க வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட விதி. மாமனார் பதினேழு வருஷமாக அதில் கடைசி வரிசையில் தூண் ஓரமாக நிற்பவர். அவருக்குக் குரல் கரகரப்பு. முன்வரிசைக்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. மாப்பிள்ளையையாவது அழைத்துக்கொண்டு போனால் ஒரு கௌரவம் என்று என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆறு இருபத்து மூன்றுக்கு நான் மாமனார் மேல் சாய்ந்து, அவர் தூணின் மேல் சாய, இருவருமாக வழுக்கித் தரைக்கு வந்தோம்.

கண் விழித்தபோது யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் இருந்த மிகவும் வயதான ஒருவர் தழுதழுத்த குரலில், "மோகிச்சுட்டார்!" என்றார்.

இந்த வார்த்தையை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மாவு மில்லிலோ மளிகைக் கடையிலோ ஒருவன் விழுந்தால், மயக்கம் போட்டுவிட்டான் என்பார்கள். ஒரு சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதே ஆள் பாசுரம் காதில் விழும்போது விழுந்தால் மோகித்தார் என்பார்கள். பெருமாளை நினைத்து உருகி, உலகம் மறந்து போவதற்கு அப்படிப் பெயர். மகான்கள் நாள் கணக்கில் மோகித்துக் கிடந்ததாகக் கேட்டிருக்கிறோம். நான் கிடந்தது ஒன்றரை நிமிஷம். இரண்டுக்கும் விழுகிற சத்தம் ஒன்றுதான். ஆனால் மோகித்தவருக்கு யாரும் சோடா கொடுப்பதில்லை.

"எந்தப் பாசுரத்துக்கு மோகிச்சார், கவனிச்சேளோ?" என்றார் இன்னொருவர்.

"நான் பக்கத்திலேயே இருந்தேனே! என் மேலதானே மோகிச்சார்!" என்றார் மாமனார். அவருக்கு முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக்கூட அவர் துடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஆகஸ்டு 25, அதே பாசுரம் வந்தபோது மறுபடி விழுந்தேன். மண்டபமே கரைந்து போயிற்று. மாமனாரைக் கையைப் பிடித்து இரண்டாம் வரிசைக்கு அழைத்துப் போனார்கள். வழி நெடுக அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, நீர் சாமான்யர் இல்லை காணும். இத்தனை நாளா வெறும் டிக்கெட் வாங்கறவர்னு நெனைச்சிண்டிருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்து ஆறு இருபத்து மூன்று. அன்று ஸ்டேஷனில், வண்டிக்குக் கைகாட்டி இறக்கியதும் பதினொன்று பதினெட்டுக்குக் கேட்டில் போய் நின்றேன். விழுந்தது பதினொன்று நாற்பத்தொன்று. அதுவும் இருபத்து மூன்று. என் மனைவியிடம் காட்டினேன்.

அவள் விரல் விட்டுப் பார்த்தாள். "அப்போ உங்களை உருக்கறது பாசுரமில்லை. கடியாரம்" என்றாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். பாவம், பதினேழு வருஷம் கழிச்சு ரெண்டாம் வரிசை கிடைச்சிருக்கு. உத்தியோகத்துக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணிக்கோங்கோ."

வழி சொன்னவர் ஹெட். பாலக்கரையில் ஒரு டாக்டர் சாயபு இருந்தார். பெரிய யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய் வந்தவர். நான் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே தாளை நீட்டினேன். பதினொரு மயக்கம், தேதி, மணி, இடம், நின்ற நேரம், விழுந்த திசை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "விழுந்த தெசை எதுக்குங்க சாமி?"

"தேவைப்படலாம்னு."

"கெழக்க ஏழு, மேக்க நாலு..." என்று நிஜமாகவே படித்தார். "இங்க வர்றவங்கள்லாம் ரொம்ப நாளா, ரொம்ப நேரமாம்பாங்க. அவங்களை நான் சத்தியமா நம்பறதில்ல. நீங்க இருபத்தி மூணு நிமிசம்கிறீங்க. பாத்துரலாமா? அப்படியே எந்திரிச்சு நில்லுங்க."

நின்றேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என் பின்னால் கம்பவுண்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத பீரோவைப் பிடிக்கிறவர் போல நின்றார். இருபத்து மூன்றாவது நிமிஷம் அவர் கையில் விழுந்தேன். பன்னிரண்டாவது. கண் திறந்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். என் காலுக்கடியில் மூன்று தலையணை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"மாஷா அல்லா! அரை நிமிசம்கூட பிசகல. நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, பயப்படாதீங்க. கோளாறு காலுல. நின்னா ரத்தம் கீழ எறங்குது. எறங்கினது மேல வரணும்ல? கெண்டைக்கால்தான் அதை மேல தள்ளுற பம்பு. ஒங்க பம்பு தூங்குது. பட்டாளத்துல பரேடுல ஆணி அடிச்ச மாதிரி நிப்பானுங்க, ஆறடி ஆளு அப்படியே துப்பாக்கியோட சாய்வான். எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன்!"

"மருந்து என்ன, டாக்டர்?"

"மருந்தா? வீட்ல செவுரு இருக்குல்ல?"

அவர் சொன்ன சிகிச்சை மூன்று பாகம். ஒன்று, தினம் காலையில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க, கை காலை அசைக்காமல் நிற்பது. மயக்கம் வந்தால் வழுக்கி உட்கார்ந்துவிடலாம், மண்டை உடையாது. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உடம்பு நிற்கப் பழகிக்கொள்ளும். இரண்டு, அது முடிந்ததும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. மூன்று, வெளியில் எங்கேயாவது கொட்டாவி வந்துவிட்டால் உடனே ஒரு காலைக் குறுக்கே போட்டுப் பின்னிக்கொண்டு, தொடை இரண்டையும் இறுக்கி, முஷ்டியை மடக்கிக்கொள்வது. நடுவில் உப்பு தூக்கலாகப் போட்ட மோர், நாளைக்கு இரண்டு சொம்பு.

"இது போதுமா? ஒரு டானிக்காவது..."

"டானிக் எழுதித் தரேன், அதைக் குடிச்சிட்டு நீங்க விழுங்க. அல்லா காப்பாத்துவான் சாமி, ஆனா குதிகாலை நீங்கதான் தூக்கணும். போயிட்டு வாங்க."

ஆகஸ்டு 29 புதன்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். முதல் நாள் எட்டு நிமிஷம். இரண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் கூட்டுவது என்று திட்டம். கூடத்துச் சுவர்தான் வழுவழுப்பாக இருந்தது. என் மனைவி எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே காவல் இருப்பாள். முதல் மாதத்தில் மூன்று தடவை சுவரோடு சறுக்கி உட்கார்ந்தேன். சறுக்கியது விழுந்ததாகாது என்பது என் கட்சி. ஆகும் என்பது அவள் கட்சி. ஐம்பத்து நான்கு வருஷமாகியும் அந்த மூன்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் தீரவில்லை. இதை எழுதும்போதும் எட்டிப் பார்த்து, "மூணையும் சேர்த்துப் போடுங்கோ" என்கிறாள். நான் சேர்க்கவில்லை.

வெற்று முதுகோடு நின்றதால் சுண்ணாம்பு முழுவதும் எனக்கும், எண்ணெய் முழுவதும் சுவருக்கும் போயிற்று. இருபது நாளில் கூடத்துச் சுவரில் என் உருவம் பழுப்பாகப் பதிந்துவிட்டது. தலை, தோள், இடுப்பு எல்லாம் அளவு தவறாமல் இருந்தன. "நீங்க ட்யூட்டிக்குப் போனப்புறம்கூட இங்கதான் நிக்கறாப்பல இருக்கு. அதுக்கும் மோர் வெக்கட்டுமா?" என்பாள் மனைவி.

மாமனாரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். கால், ரத்தம், பம்பு எல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "டாக்டருக்கு உடம்பு தெரியும். ஆத்மா தெரியுமோ?" என்றார். அன்று மாலையே தெருவில், மாப்பிள்ளை தினம் அருணோதயத்தில் நிஷ்டையில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டார்.

பார்க்க ஆள் வர ஆரம்பித்தது. முதல் வாரம் இருவர், அடுத்த வாரம் ஏழு பேர். எனக்கோ கை காலை அசைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அசைந்தால் அன்றைய கணக்கு பாழ். ஒருநாள் மேற்கு வீதியிலிருந்து ஒரு பெரியவர் வந்து என் முன்னால் தரையில் விழுந்து நான்கு தடவை சேவித்தார். விழுந்து கும்பிடுவதற்கும் எங்களுக்கு அதே வார்த்தைதான். என்னைவிட நாற்பது வயது மூத்தவர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அது பதினெட்டாவது நிமிஷம். உதட்டை மட்டும் அசைத்து, "வேண்டாம், வேண்டாம்" என்றேன். அதை அவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தானும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மாமா, இன்னும் ஒரே நிமிஷம், அப்புறம் பேசுவார்" என்றாள் என் மனைவி, கத்தரிக்காயிலிருந்து தலை தூக்காமல்.

அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும் நான் அடுத்த பாகத்துக்குப் போக வேண்டும் அல்லவா? குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். "ஆஹா, உள்ளே ஆனந்தம் தாங்காமல் துள்ளறார்!" என்று பெரியவர் கண்ணீர் விட்டார். ஐம்பது தடவை துள்ளினேன்.

அக்டோபர் கடைசியில் நாற்பது நிமிஷம் தொட்டேன். பாலக்கரைக்குப் போனேன். டாக்டர் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பவுண்டர் பின்னால் கையை விரித்தார். இருபத்து மூன்றாவது நிமிஷம் வந்தது, போயிற்று. டாக்டர் செய்திகளைப் படித்து முடித்து, விளம்பரங்களைப் படித்து, ஏல நோட்டீஸ்களையும் படித்தார். நாற்பத்தைந்தாவது நிமிஷம் கம்பவுண்டர் கை மரத்துப் போய்த் தொங்கவிட்டார். "போதும் சாமி, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார் டாக்டர்.

ஸ்டேஷனிலும் இரண்டரை மாதமாக விழவில்லை. ஹெட் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் மேலும் கீழும் பார்ப்பார். ட்யூட்டி முறை மாறியதால் சனிக்கிழமைகளில் கோஷ்டிக்குப் போக முடியாமல் இருந்தது. நவம்பர் முதல் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. மாமனார் அதற்குள் முதல் வரிசைக்கு வந்திருந்தார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

ஆறு இருபத்து மூன்றுக்கு அந்தப் பாசுரம் வந்தது. பதினைந்து பேரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இருவர் பிடிப்பதற்குத் தயாராகப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். நான் நின்றேன். பாசுரம் முடிந்தது. யாரோ ஒருவர் முதலிலிருந்து மறுபடி எடுத்தார். நின்றேன். மூன்றாம் தடவை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, என் காதருகே வந்து சேவித்தார்கள். எனக்குக் கொட்டாவிகூட வரவில்லை. நான்காம் தடவைக்கு அவர்களுக்கே மூச்சு வாங்கியது, விட்டுவிட்டார்கள்.

"உத்தியோகம் மனுஷாளைக் கல்லாக்கிடும்" என்று ஒருவர் முனகினார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமனார் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். கதவு தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, ஏகாதசிக்குக் காஞ்சீபுரத்திலேருந்து ஒரு மகான் எழுந்தருளறார். அவரே அடிக்கடி மோகிக்கிறவர். உம்மைப் பத்தி எழுதியிருக்கேன். உம்மைப் பாக்கணும்னு பதில் போட்டிருக்கார்."

"நான் என்ன பண்ணணும்?"

"பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவை. மெதுவா விழுந்தாப் போறும். நான் கீழ ஜமக்காளம் போடச் சொல்றேன்."

"மாமா, நான் விழுந்தா உத்தியோகம் போயிடும்."

"ஸ்டேஷன்லயா விழச் சொல்றேன்? மண்டபத்துலதானே!"

"பழக்கம் விட்டுப் போயிடுத்து, மாமா. ஒரு தடவை விழுந்தா உடம்பு மறுபடி அதையே பிடிச்சுக்கும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் முடியாது என்றேன். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பிறகும் உப்பு, தண்ணீர் என்று ஒற்றை வார்த்தைகளாகத்தான் பேசினார்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் கூட்டத்துக்காக எங்களில் ஆறு பேரை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். ஹெட்டும் வந்திருந்தார். அவரோடு மேலதிகாரியான ஒரு வெள்ளைக்கார துரை, வெயில் தொப்பியும் கைத்தடியுமாகப் பிளாட்பாரத்தில் மேற்பார்வைக்கு நின்றார். கேட்டுக்குப் போகும் முன் ஹெட் என் காதில், "ஐயங்காரே, இன்னும் ரெண்டு வாரம்தான் பாக்கி. இன்னிக்கு விழுந்தீங்கன்னா எழுத வேண்டிய வேலைகூட எனக்கு இல்ல. அவரே பாத்துருவாரு" என்றார்.

மதியம் இரண்டு பத்துக்குக் கேட்டில் நின்றேன். இரண்டு ரயில்கள் வந்து ஜனத்தை இறக்கிவிட்டுப் போயின. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது வந்தது. நூற்றிரண்டு நிமிஷம் நின்றிருந்தேன். கோட்டுக்குக் கழுத்து வரை ஐந்து பொத்தான். சுற்றிலும் வியர்வை நாற்றமும் கற்பூர வாசனையும். பிளாட்பாரத்தில் மாமனாரும் கோஷ்டிக்காரர்கள் பதினான்கு பேரும் மாலையோடு நின்றிருந்தார்கள். பதினைந்து பேரும் பிளாட்பார டிக்கெட் வாங்கியிருந்தார்கள், நான்தான் சரிபார்த்தேன்.

மகான் இறங்கினார். எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. மூன்றாம் வகுப்பில் உட்கார இடமில்லாமல் விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தாராம். தசமி என்பதால் ஒரு வேளைதான் சாப்பாடு. அவரை நடுவில் வைத்துக் கோஷ்டி என் கேட்டுக்கு நேரே வந்து நின்றது. நகரவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பாசுரத்தை எடுத்தார். பதினான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"யாருங்க இது, கேட்டை மறிச்சுக்கிட்டு?" என்று ஹெட் ஓடி வந்தார்.

"என் மாமனார், சார்."

"பாட்டுக் கச்சேரி நீங்க ஏற்பாடு பண்ணினதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது கொட்டாவி.

சுவரில் சறுக்கின நாட்களுக்குப் பிறகு முதல் கொட்டாவி. அடுத்து காதில் வண்டு பறந்தது. துரை சரியாகப் பன்னிரண்டடி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வலது காலை இடது காலுக்குக் குறுக்கே போட்டுப் பின்னி, தொடையை இறுக்கி, ஒரு கையில் டிக்கெட்டுகளையும் மறு கையில் வெறும் காற்றையும் நசுக்கிக்கொண்டு நின்றேன். முகமெல்லாம் சிவந்திருக்க வேண்டும். டிக்கெட் நீட்டிய ஒரு செட்டியார் என் காலைப் பார்த்து மனமிரங்கிவிட்டார்.

"சார், அவசரம்னா போயிட்டு வந்துடுங்க. நாங்க நிக்கிறோம், ஓடிட மாட்டோம்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை."

"இதுல என்ன சார் வெக்கம்? மனுசங்கதானே."

நாற்பது விநாடி ஆயிற்று. வண்டு போய்விட்டது. ஜனங்கள் பொம்மை அளவிலிருந்து பழைய அளவுக்குத் திரும்பினார்கள். நான் காலைப் பிரித்தேன். அப்போது எதிரே மகான் கொட்டாவி விட்டார். அவர் உதடு வெளுத்தது. எனக்குத்தான் அந்த முகம் தெரியுமே! "பிடியுங்கோ!" என்று கத்துவதற்குள் அவர் மாலையோடு சாய்ந்துவிட்டார்.

"மோகிச்சுட்டார்!" என்றார் மாமனார். பதினைந்து பேரும் அப்படியே பிளாட்பாரத்தில் விழுந்து சேவித்தார்கள். கூட வந்த ஜனத்திலும் பெரும்பாலோர் காரணம் தெரியாமல் விழுந்தார்கள். தண்ணீர் கொடுக்கவோ விசிறவோ ஒருவரும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அவரை உட்கார வைத்து மாலையைச் சரிசெய்யப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார வைத்தால் ரத்தம் இன்னும் கீழேதான் போகும். கேட்டை விட்டு ஓடினேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கணுக்காலையும் பிடித்து, கை வண்டி தள்ளுகிறவனைப் போல என் இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிஷத்தில் அவர் கண் விழித்தார்.

"யாருமய்யா என் காலைப் பிடிச்சிண்டிருக்கிறது?"

"அடியேன், டிக்கெட் கலெக்டர்."

"டிக்கெட் மடியில இருக்கு. காலை விடும்."

"இப்போ விட்டா மறுபடி மயக்கம் வரும். இன்னும் ரெண்டு நிமிஷம்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷமா இப்படித்தான் வரது. போற எடத்திலெல்லாம் சேவிச்சுண்டு நிக்கறாளே தவிர, வாயில ஒரு சொட்டு ஜலம் விட மாட்டேங்கறா. இதுக்கு ஏதாவது வழி உண்டோ?"

காலைப் பிடித்தபடியே சுவரையும் குதிகாலையும் மோரையும் சொன்னேன். தலைகீழாகக் கிடந்தபடியே அவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மாமனார் தரையிலிருந்து தலையைத் தூக்கி, நான் மகானின் திருவடிகளைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சேவித்தார். அடுத்த சனிக்கிழமை கோஷ்டியில், மோகித்தவரைத் தெளிய வைத்த மாப்பிள்ளை என்று அவரே சொன்னதாகவும், முதல் வரிசை அவரை விட்டுப் போகவில்லை என்றும் கேள்வி.

துரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஹெட்டிடம் இங்கிலீஷில், "அடிக்கடி விழுகிற ஆள் என்று சொன்னீரே, அது இவன்தானா?" என்று கேட்டார். ஹெட் தலையை ஆட்டினார். துரை பிளாட்பாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்கே எல்லோரும் விழுந்து கிடக்கிறார்கள். நின்றுகொண்டிருப்பவன் இவன் ஒருவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னை நிரந்தரமாக்கும் காகிதத்தில் ஹெட் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"நின்னீங்க, சரி. ஆனா கேட்டை விட்டுட்டுப் போனது தப்பா இல்லையா? விழுந்திருந்தா நோயாளி, வீட்டுக்கு அனுப்பிருப்போம். நின்னுக்கிட்டே தப்புப் பண்ணினா அபராதம். அதான் ரூல். நீங்க அந்தக் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கையில எத்தனை பேரு டிக்கெட் கொடுக்காமப் போனாங்க? சும்மா ஒரு அஞ்சாறு பேரு இருப்பாங்களா?"

"ஐம்பத்தொன்பது, சார்."

"என்னது?"

"எண்ணினேன். கைக்குழந்தை மூணு தனி. அதைச் சேர்க்கலை."

ஹெட் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயங்காரே, அஞ்சாறுன்னு நானே எடுத்துக் கொடுத்தேனே! துரை சன்னலுக்கு வெளிய நிக்கிறாரு, அவரு காதுலயும் விழுந்துருச்சு. இனிமே நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தெரியாததால் தலைக்கு இரண்டணா என்று போட்டார். ஜனவரிச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஏழு ரூபாய் ஆறணா.